ஐபி முகவரி யாரைக் காட்டிக்கொடுக்கும்?

“உங்கள் ஐபி முகவரி எங்களிடம் இருக்கிறது. வீடு எங்கே என்று தெரியும். பணம் அனுப்பாவிட்டால்...” என்று மிரட்டும் மின்னஞ்சல்கள் நம் குடியிருப்பிலும் சிலருக்கு வந்திருக்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் அதைப் பகிர்ந்ததும் இரண்டு விதமான பதில்கள் வந்தன. “அதெல்லாம் சும்மா, ஐபியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது” என்றார்கள் சிலர். “போலீஸே அதை வைத்துத்தானே ஆளைப் பிடிக்கிறது?” என்று கேட்டார்கள் வேறு சிலர்.

இரண்டிலுமே பாதி உண்மை இருக்கிறது. எது எந்தப் பாதி என்று புரிய, நாற்பது ஆண்டு வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். அந்த வரலாற்றில் ஐபி முகவரியால் சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், செய்யாத காரியத்துக்காகப் போன பெங்களூருக்காரர். நம்முடையதைப் போன்ற ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பும் அதில் வருகிறது. அதனால் இந்தக் காலாண்டின் வரலாற்றுப் பக்கத்துக்கு இதையே எடுத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டருக்கு ஓர் எண்

1983 ஜனவரி 1 அன்று, அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பின் பணத்தில் உருவான அர்ப்பாநெட் என்ற வலையமைப்பு தன் பழைய விதிமுறையைக் கைவிட்டு, இன்றும் நாம் பயன்படுத்தும் டிசிபி/ஐபி முறைக்கு மாறியது. அதில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு சிறு எண்களாக அதை எழுதுவார்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மொத்தம் 429 கோடியே சொச்சம் முகவரிகள் கிடைக்கும். அந்தக் காலத்தில் அது எக்கச்சக்கமாகத் தெரிந்தது.

அதனால் தாராளமாக அள்ளிக் கொடுத்தார்கள். எம்ஐடி என்ற ஒரே கல்வி நிறுவனத்துக்கு மட்டும் 1 கோடியே 67 லட்சம் முகவரிகள். யாருக்கு எந்த எண் வரிசை என்ற பட்டியலைப் பல ஆண்டுகள் ஜான் போஸ்டல் என்ற கலிஃபோர்னியா ஆராய்ச்சியாளர் பராமரித்தார். அந்தப் பட்டியலின் வாரிசு இன்றும் இருக்கிறது. நம் பகுதிக்கான பதிவேட்டை வைத்திருப்பது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இயங்கும் ஏப்நிக் என்ற அமைப்பு. அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆக, உங்கள் ஐபி முகவரி கிடைத்தவருக்கு முதலில் தெரிவது, அந்த எண் எந்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது என்பது. வீட்டு இணைப்பு என்றால் உங்கள் பிராட்பேண்ட் நிறுவனத்தின் பெயர் வரும்; அவ்வளவுதான்.

அலுவலகம் என்றால் அது “அவ்வளவுதான்” அல்ல. பெரிய நிறுவனங்கள் பலவற்றுக்குச் சொந்த எண் வரிசை உண்டு. 2007 ஆகஸ்டில் வர்ஜில் கிரிஃபித் என்ற அமெரிக்க மாணவர், விக்கிபீடியாவில் பெயர் பதியாமல் செய்யப்பட்ட 3 கோடிக்கும் அதிகமான திருத்தங்களின் ஐபி முகவரிகளை அந்தப் பொதுப் பதிவேட்டோடு ஒப்பிட்டு ஒரு தேடுகருவி வெளியிட்டார். வாக்குப்பதிவு இயந்திரம் செய்த டீபோல்ட் நிறுவனத்தைப் பற்றிய பக்கத்தில் இருந்த விமர்சனப் பத்திகளை நீக்கியது அந்த நிறுவனத்தின் முகவரியிலிருந்தே என்பது இப்படித்தான் வெளியே வந்தது. எந்த ஊழியர் நீக்கினார் என்பதை அந்த எண் சொல்லவில்லை.

விசிட்டர் கார்டும் கேட் ரிஜிஸ்டரும்

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. மோடம் கீச்சிட்டு இணைப்பு வருவதற்குள் காபி ஆறிப்போன காலம் பலருக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு சந்தாதாரருக்கும் நிரந்தரமாக ஓர் எண் கொடுக்க யாராலும் முடியவில்லை. டயல் செய்து உள்ளே வரும்போது கையிருப்பில் உள்ள ஏதோ ஓர் எண்ணைக் கொடுப்பார்கள். துண்டித்ததும் அது அடுத்தவருக்குப் போய்விடும்.

நம் கேட்டில் செக்யூரிட்டி கொடுக்கும் விசிட்டர் கார்டு மாதிரிதான். 17ஆம் எண் கார்டு காலையில் பிளம்பர் கழுத்தில் இருக்கும், மாலையில் யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளியிடம் இருக்கும். “17ஆம் நம்பர் ஆள் பூந்தொட்டியை உடைத்தார்” என்று புகார் வந்தால் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை மணிக்கு என்று தெரிய வேண்டும். கேட் ரிஜிஸ்டரும் வேண்டும். அந்த ரிஜிஸ்டர் சரியாக எழுதப்பட்டிருக்கவும் வேண்டும். இணையத்தில் அந்த ரிஜிஸ்டர் இருப்பது பிராட்பேண்ட் நிறுவனத்திடம் மட்டும்.

பிறகு வீட்டுக்குள் ரூட்டர் வந்தது. 1996இல் வகுத்த ஒரு விதிப்படி, 192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். வீட்டிலுள்ள போன், டிவி, லேப்டாப் எல்லாம் வெளியே ஒரே முகவரியோடுதான் தெரியும். விசிட்டர் கார்டு இப்போது காருக்குக் கொடுக்கப்படுகிறது. உள்ளே எத்தனை பேர், யார் யார் என்பது கேட்டுக்குத் தெரியாது.

இனி வரும் ஐந்து நிகழ்வுகளையும் இந்தக் கார்டையும் ரிஜிஸ்டரையும் மனத்தில் வைத்துப் படித்தால் போதும்.

பாரிஸ், 2000: எந்த நாடு என்று தெரியுமா?

யாகூ நிறுவனத்தின் அமெரிக்க ஏலத் தளத்தில் நாஜி காலத்துப் பொருட்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றை விற்பனைக்கு வைப்பது பிரான்ஸில் குற்றம். இனவெறிக்கு எதிரான இரண்டு அமைப்புகள் பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போயின. பிரெஞ்சு மக்கள் அந்தப் பக்கங்களைப் பார்க்க முடியாதபடி தடுக்க வேண்டும் என்று 2000 மே மாதம் நீதிபதி ழான் ழாக் கோமெஸ் உத்தரவிட்டார். பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்றது யாகூ.

நீதிபதி மூன்று நிபுணர்களை நியமித்தார். ஒருவர், இணையத்தின் அடிப்படை விதிமுறையை வடிவமைத்த இருவரில் ஒருவரான விண்ட் செர்ஃப். அவர்களின் பதில்: ஐபி முகவரியை வைத்துப் பிரெஞ்சுப் பயனர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேரை அடையாளம் காணலாம். மீதிப் பேர் ஏன் தப்புகிறார்கள்? உதாரணமாக ஏஓஎல் சந்தாதாரர்கள் பாரிஸில் உட்கார்ந்திருந்தாலும், அவர்களுடைய முகவரி அமெரிக்காவின் வர்ஜீனியாவைக் காட்டும்.

அதே தளம் பிரான்ஸிலிருந்து வருபவர்களுக்குப் பிரெஞ்சு மொழி விளம்பரம் காட்டிக்கொண்டிருந்ததும் நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது. விளம்பரத்துக்குத் தெரிகிற நாடு தடைக்கு மட்டும் தெரியாதா? 2000 நவம்பர் 20 அன்று உத்தரவு உறுதியானது. “இணையத்தில் எல்லைகள் இல்லை” என்ற பேச்சு அதன் பிறகு மெல்ல அடங்கியது. இன்று வெளிநாடு போனால் சில படங்கள் ஓடிடியில் காணாமல் போவதற்கும் அடிப்படை இதே ஐபி கணக்குதான்.

சாங்ஷா, 2004: ரிஜிஸ்டர் திறந்தபோது

சீனாவின் ஹூனான் மாகாணத் தலைநகர் சாங்ஷாவில் ஷி தாவோ என்ற பத்திரிகையாளர் வேலை பார்த்தார். தியானன்மென் சம்பவத்தின் 15ஆவது ஆண்டு நெருங்கியபோது, பத்திரிகைகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அரசு அனுப்பிய அறிவுறுத்தலின் குறிப்பை, நியூயார்க்கில் இயங்கிய ஒரு ஜனநாயக ஆதரவு இணையதளத்துக்குத் தன் யாகூ மின்னஞ்சலிலிருந்து அனுப்பினார். அது 2004 ஏப்ரல் 20, இரவு.

சீன அதிகாரிகள் யாகூவிடம் விவரம் கேட்டார்கள், கிடைத்தது. இரவு 11 மணி 32 நிமிடம் 17 வினாடிக்கு அந்தக் கணக்கு எந்த ஐபி முகவரியில் இருந்தது, அந்த முகவரி அவர் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்தின் இணைப்பு என்பது வரை தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 2005 ஏப்ரலில் அவருக்குப் பத்து ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்து 2013இல்தான் வெளியே வந்தார். 2007 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் யாகூ தலைவர் ஜெர்ரி யாங், அவருடைய தாயாரைப் பார்த்துத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்.

இங்கே எண், நேரம், ரிஜிஸ்டர் மூன்றும் துல்லியமாகப் பொருந்தின. “ஐபியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது” என்பவர்களுக்கு இதுதான் பதில். ரிஜிஸ்டரைத் திறக்க அதிகாரம் உள்ளவருக்கு எல்லாம் செய்ய முடியும்.

பெங்களூரு, 2007: ரிஜிஸ்டர் பிழையானபோது

ஆர்குட் என்ற தளம் நினைவிருக்கிறதா? அதில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் வந்ததாகப் புனே காவல்துறையிடம் புகார். கூகுளிடமிருந்து ஐபி முகவரி கிடைத்தது. அந்த முகவரி அந்த நேரத்தில் யாரிடம் இருந்தது என்று இணைய சேவை நிறுவனத்திடம் கேட்டார்கள். நிறுவனம் ஒரு பெயரையும் முகவரியையும் கொடுத்தது. பெங்களூரில் வசித்த ஒரு மென்பொருள் பொறியாளர் 2007 ஆகஸ்ட் 31 அன்று வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு, புனேயின் எரவாடா சிறையில் அடைக்கப்பட்டார்.

ஐம்பது நாள் உள்ளே இருந்தார். நிறுவனம் கொடுத்த விவரமே தவறு, அந்த முகவரி அவருடையது அல்ல என்பது பிறகுதான் வெளியானது.

இப்படிப் பிழை நேர்வதற்கு வழி நிறைய. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். வெளிநாட்டு நிறுவனங்களின் பதிவுகள் பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தை ஒட்டிய உலக நேரத்தில் இருக்கும். நம் இரவு 9 மணி அங்கே பிற்பகல் 3:30. அதை நம் நேரம் என்று படித்துவிட்டு, “மாலை 3:30க்கு இந்தக் கார்டு யாரிடம் இருந்தது?” என்று கேட்டால், ரிஜிஸ்டர் நேர்மையாகவே தவறான ஆளின் பெயரைச் சொல்லும். ஒரு நிமிட வித்தியாசத்தில் எண் கைமாறியிருந்தாலும் கதை இதுதான்.

நவி மும்பை, 2008: திறந்திருந்த வைஃபை

2008 ஜூலை 26 மாலை அகமதாபாத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன், பொறுப்பேற்று ஒரு மின்னஞ்சல் செய்தி நிறுவனங்களுக்கு வந்தது. அதன் ஐபி முகவரியைத் துரத்திப்போன காவல்துறை, நவி மும்பை சான்பாடாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் போய் நின்றது. வீட்டில் குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர்.

அந்த முறை ரிஜிஸ்டர் சரி, நேரம் சரி, இணைப்பும் அவருடையதுதான். மின்னஞ்சல் அவருடையது அல்ல. அவர் வீட்டு வைஃபைக்குச் சரியான பாதுகாப்பு இல்லை. சிக்னல் எட்டும் தூரத்தில் இருந்த யாரோ அதில் நுழைந்து அனுப்பியிருக்கிறார்கள். அது தெளிவாவதற்குள் விசாரணை, பறிமுதல், ஊடகத்தில் பெயர் என்று எல்லாம் நடந்து முடிந்தது. அடுத்த மின்னஞ்சல்கள் மாதுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபையிலிருந்தும், டெல்லி குண்டுவெடிப்பு நாளன்று செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபையிலிருந்தும் போயின.

2009 தொடக்கத்தில் மும்பைக் காவல்துறையினர் கையில் கருவியோடு தெருத்தெருவாகப் போய்ப் பூட்டில்லாத வைஃபையைத் தேடினார்கள். அந்தப் பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக அமைக்கும்படி இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. இன்று விமான நிலையத்தில் வைஃபைக்குள் போக ஓடிபி கேட்கிறார்களே, அதன் வேர் இந்தக் காலத்தில் இருக்கிறது.

கான்சாஸ், 2016: வரைபடத்தில் ஒரு புள்ளி

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகில் ஒரு பண்ணை வீடு. பல ஆண்டுகளாக அங்கே விசித்திரமான விருந்தாளிகள் வந்தபடி இருந்தார்கள். எஃப்பிஐ அதிகாரிகள் வந்தார்கள். வரித்துறையினர் வந்தார்கள். தற்கொலைக்கு முயன்றவரைத் தேடி ஆம்புலன்ஸ் வந்தது. காணாமல் போன பிள்ளைகளைத் தேடிப் போலீஸ் வந்தது. மோசடிக்குப் பழிவாங்க வந்த யாரோ உடைந்த கழிப்பறைக் கோப்பையை வாசல் பாதையில் போட்டுவிட்டுப் போனார்கள். உள்ளூர் ஷெரிஃப், இந்த வீட்டுக்குப் போகாதீர்கள், கேள்வி இருந்தால் என்னிடம் கேளுங்கள் என்று பலகையே வைத்துவிட்டார்.

காரணத்தை 2016இல் காஷ்மீர் ஹில் என்ற பத்திரிகையாளர் கண்டுபிடித்தார். ஐபி முகவரிக்கு இடம் சொல்லும் தரவுத்தளத்தை விற்கும் மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், “அமெரிக்காவில் எங்கோ” என்று மட்டும் தெரிந்த முகவரிகளுக்கு நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்திருந்தது. வசதிக்காக அதை 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்று முழு எண்ணாக்கிவிட்டார்கள். அந்தப் புள்ளி போய் விழுந்த இடம் இந்தப் பண்ணை வீட்டு முற்றம். ஏறத்தாழ 60 கோடி ஐபி முகவரிகளுக்கு இதுவே வீடாகிப்போனது. செய்தி வந்தபின் நிறுவனம் புள்ளியை ஒரு நீர்த்தேக்கத்தின் நடுவே நகர்த்தியது.

தரவுத்தளம் உண்மையில் சொன்னது “நாடு மட்டும் தெரியும்” என்பதே. வரைபடத்தில் ஊசி குத்திக் காட்டியதும் பார்த்தவர்கள் அதை வீட்டு விலாசமாக நம்பிவிட்டார்கள்.

இன்று நிலைமை என்ன?

2011 பிப்ரவரி 3 அன்று உலகத்தின் பொதுக் கையிருப்பில் இருந்த பழைய வகை முகவரிகள் தீர்ந்தன. இப்போது மொபைல் நிறுவனங்களும் பல பிராட்பேண்ட் நிறுவனங்களும் ஒரே முகவரியை ஒரே நேரத்தில் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்கின்றன. விசிட்டர் கார்டு காருக்குக்கூட இல்லை, பேருந்துக்கு என்று ஆகிவிட்டது. ஆளைக் கண்டுபிடிக்க எண்ணும் நேரமும் போதாது. போர்ட் எண் என்ற இன்னொரு விவரமும் வேண்டும். மறுபுறம், ஐபியின் 6ஆம் பதிப்பில் முகவரிப் பஞ்சமே இல்லை. அதில் முன்பாதி உங்கள் வீட்டு இணைப்பையே குறிப்பதாக இருக்கும் என்பதால், அது மாறாத வரை பகிர்ந்த முகவரியைவிடக் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும்.

இந்திய இணைய நிறுவனங்கள் இந்தப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதி திருத்தப்பட்டது. ரிஜிஸ்டருக்கு ஆயுள் கூடியிருக்கிறது.

ஆக, மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பும் ஆளுக்கு ஐபியிலிருந்து தெரியக்கூடியது: உங்கள் இணைய நிறுவனம், ஏறத்தாழ எந்த நகரம் (அதுவும் தவறாக இருக்கலாம், மாவட்ட ஊர்களில் இருப்பவர்களைச் சென்னை என்று காட்டுவது சாதாரணம்), மொபைலா பிராட்பேண்டா என்பது. பெயர், பிளாட் எண், போன் எண் தெரியாது. பயப்படாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் தெரிவிக்கலாம்.

நீங்கள் உள்நுழைந்து பயன்படுத்தும் தளங்களின் கதை வேறு. அவற்றுக்கு உங்கள் பெயர் ஏற்கெனவே தெரியும். ஒரே முகவரியிலிருந்து இரவுதோறும் வரும் இரண்டு போன்களும் ஒரு டிவியும் ஒரே வீட்டினுடையவை என்று ஊகிப்பது விளம்பர நிறுவனங்களின் அன்றாட வேலை. மனைவி லேப்டாப்பில் வாஷிங் மெஷின் தேடினால் கணவரின் போனில் விளம்பரம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஐபி முகவரி மட்டும் தனியாகச் சொல்வது கொஞ்சம். வேறு தகவலோடு சேர்ந்தால் நிறைய. 2016 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும், மாறிக்கொண்டே இருக்கும் ஐபி முகவரிகூட, பயனர் யார் என்பதை அறியச் சட்டப்படியான வழி இருந்தால், தனிநபர் தரவுதான் என்று தீர்ப்பளித்தது.

நம் வளாகத்துக்கு மூன்று வேண்டுகோள்

முதலாவது, கிளப் ஹவுஸ் வைஃபை. அதன் இணைப்பு சங்கத்தின் பெயரில் இருக்கிறது. பாஸ்வேர்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. ஜிம்முக்கு வந்தவர், விழாவுக்குப் பந்தல் போட்டவர், போன வருடம் காலி செய்துகொண்டு போன குடித்தனக்காரர் எல்லோருக்கும் தெரியும். அதன் வழியே யாராவது ஏதாவது அனுப்பினால், ரிஜிஸ்டரில் வரப்போவது சங்கத்தின் பெயர். முதலில் கதவைத் தட்டப்போவது செயலாளர் வீட்டை. போன் எண், ஓடிபி வழியாக நுழையும் முறைக்கு மாற்றலாம். அதற்குச் செலவு ஆகும் என்றால், மாதம் ஒருமுறையாவது பாஸ்வேர்டை மாற்றி, கேட்பவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, வீட்டு ரூட்டர். டெக்னீஷியன் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டு பெரும்பாலும் உங்கள் போன் எண்ணாகவோ, ஒன்று முதல் எட்டு வரையாகவோ இருக்கும். பக்கத்து பிளாக் வரை சிக்னல் போகும் கட்டடத்தில் அது பூட்டே அல்ல. பத்து நிமிட வேலை, மாற்றிவிடுங்கள். விருந்தினருக்குத் தனி வைஃபை வைக்கும் வசதி பல ரூட்டர்களில் இருக்கிறது.

மூன்றாவது, நம் குழுவுக்குள். யாரோ போலிக் கணக்கில் அவதூறு எழுதுகிறார், அதன் ஐபியை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன், நம் தெருவைத்தான் காட்டுகிறது என்று ஒரு ஸ்க்ரீன்ஷாட் என்றாவது ஒருநாள் வரலாம். அதைப் பார்த்து யார் பெயரையும் சொல்வதற்கு முன் கான்சாஸ் பண்ணை வீட்டையும், எரவாடாவில் கழிந்த ஐம்பது நாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டைச் சைபர் காவல் பிரிவிடம் கொடுத்துவிடுங்கள். ரிஜிஸ்டரைத் திறந்து பார்க்கும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது. அந்த ரிஜிஸ்டர்கூட ஒருமுறை தவறிப்போனதை இப்போது நாம் படித்திருக்கிறோம்.